குறுவை வைக்கோலில் ஒரு வாஷ்பேசின்

போலகத்துப் பீங்கான் ஆலையில் எங்கள் எல்லோருக்கும் இருந்த கவலை ஒன்றுதான், பொருள் உடையக்கூடாது. மண் குழைப்பவரும் அச்சில் ஊற்றுபவரும் சூளையிலிருந்து இறக்குபவரும் ஒவ்வொரு வாஷ்பேசினையும் கைக்குழந்தையைப் போல ஏந்துவார்கள். ஷஃபீனாவுக்கு மட்டும் அதைக் கீழே போடுவதற்குச் சம்பளம். பெட்டிக்குள் வைத்துக் கட்டிய வாஷ்பேசினை இடுப்பு உயரத்திலிருந்து மூலை மூலையாகத் தரையில் விழவைத்து, பிறகு பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பது பிழைத்ததா என்று பார்க்க வேண்டும். பிழைத்திருந்தால் அதே மாதிரி கட்டிய பெட்டிகள் லாரி ஏறலாம். கணக்குப் பிரிவில் இருந்த எங்களுக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டால், அவள் வந்துவிட்டாள் என்று தெரியும். சத்தத்துக்குப் பின்னால் சிரிப்பும் கேட்டால் உடைந்துவிட்டது என்று அர்த்தம். உடைந்தால் சிரிக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "இங்க உடைஞ்சா நல்லதுதானேங்க, ஊருக்குப் போயி உடையாது" என்பாள்.

அவள் காரைக்கால் டவுனில் பிறந்தவள். வாப்பா கப்பலில் சமையல்காரராக இருந்து பல துறைமுகங்களைப் பார்த்தவர். பி.காம். முடித்ததும் தாரிக்குக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தாரிக்குக்கு ஷார்ஜா துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் வேலை. மாமியார் ஆஸியா பீவியோடு ஷஃபீனா தருமபுரத்தில் இருந்தாள். மகள் தஹ்ஸீன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், பேக்கிங் பிரிவில் கம்ப்யூட்டரில் பதிவு போடும் வேலைக்கு வந்தாள். ஆலையில் கழிப்பறைக் கோப்பைகளும் உண்டு என்பது ஆஸியா பீவிக்குக் கொஞ்சம் சங்கடம். உறவுக்காரர்கள் கேட்டால், மருமகள் பீங்கான் கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

அவள் பிரிவுத் தலைவியானதே ஒரு கதை. கோயம்புத்தூருக்குப் போன சரக்கு தொடர்ந்து உடைந்து வந்தது. இங்கே கட்டுபவர்களைத் திட்டினார்கள், கட்டுபவர்கள் லாரிக்காரர்களைத் திட்டினார்கள். ஷஃபீனா தானே லாரியோடு போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டாள். மேனேஜர் தயங்கினார். ஆஸியா பீவி தயங்கவில்லை. மருமகள் தனியாகப் போகக்கூடாது, அவ்வளவுதான், நானும் வருகிறேன் என்று இடியாப்பமும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார். திருச்சி தாண்டுவதற்குள் டிரைவரின் குடும்பக் கதை முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கோவைக் கிடங்கில் இறக்கும்போதுதான் விஷயம் விளங்கியது. எந்தப் பக்கம் மேலே என்று காட்டும் அம்புக்குறி பெட்டியின் ஒரே ஒரு முகத்தில் இருந்தது. அந்த முகம் சுவர்ப்பக்கம் போய்விட்டால் இறக்குபவர்கள் தலைகீழாக அடுக்கினார்கள். திரும்பி வந்து நான்கு பக்கமும் அம்பு அச்சடிக்கச் சொன்னாள். உடைவது பெருமளவு நின்றது, அவளும் பிரிவுத் தலைவியானாள்.

சுற்றுச்சூழல் என்று எங்கள் ஆலை செய்துவந்த காரியம், ஜூன் மாதத்தில் ஒரு நாள் மரக்கன்று நடுவது. கேட்டுக்கு இடப்பக்கம் ஒரு குழி. தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது வந்து கன்றை நட்டு, தண்ணீர் ஊற்றி, புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். ஆடி பிறப்பதற்குள் ஆடுகள் அதைத் தின்றுவிடும். அடுத்த ஜூனில் அதே குழி தயாராக இருக்கும். குழி வெட்டும் வேலையாவது மிச்சம் என்று தோட்டக்காரர் சந்தோஷமாக இருந்தார்.

மணிபாரதி வந்த வருஷம் அந்தக் குழிக்கு யாரும் போகவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், சென்னைத் தலைமை அலுவலகத்தில் கம்பெனியின் ஐந்தாண்டுத் திட்டத்தைப் போடுகிற அம்மா. வந்ததும் கன்று நடக் கூப்பிட்டார்கள். நட்டுவிட்டு நான் போய்விடுவேன், தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று கேட்டார். பிறகு எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

பிரான்சில் மார்செய் நகரத்துப் பெரிய வியாபாரி ஒருவர் எங்கள் சரக்கை வாங்குகிறவர். பெட்டிக்குள் வைக்கும் தெர்மாகோலை அங்கே வாங்கி அழிக்க ஆளில்லை, வேறு வழி பாருங்கள் என்று சொல்லிவிட்டார். இங்கேயும் விற்ற பிளாஸ்டிக்குக்கு விற்றவரே பொறுப்பு என்று ஆகிவருகிறது. காவிரிக் கடைமடையில் இருக்கும் நம் ஊரில் நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு என்பதும் தெரியாது. இதெல்லாம் தர்ம காரியம் இல்லை, பத்து வருஷம் கழித்து இந்த ஆலை இங்கே இருக்குமா என்கிற கேள்வி, அதனால் விற்பனை இலக்கு எழுதுகிற அதே பக்கத்தில் இதையும் எழுதப்போகிறோம் என்றார். எழுதியபின் என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று முடித்தார்.

ஷஃபீனா கையைத் தூக்கினாள். போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு கடற்கரைக்குப் போன கதையைச் சொன்னாள். அரசலாறு கடலில் சேருமிடத்தில் ஒரு பெரியவர் வெள்ளையாக ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். பார்த்த மாதிரி இருக்கிறதே என்று கிட்டப் போனால், அவள் பிரிவில் வாஷ்பேசினின் முதுகுக்கு வைக்கிற தெர்மாகோல் துண்டு. ஓரத்தில் ஆலையின் முத்திரை. நல்ல சாமான், எத்தனை மழைக்கும் ஒன்றும் ஆகாது, தண்ணீரில் எத்தனை வருஷமும் மிதக்கும் என்று பெரியவர் அதைப் புகழ்ந்தார்.

"என் வேலையை யாரும் அப்படிப் பாராட்டுனதே இல்லைங்க மேடம்" என்றாள் ஷஃபீனா. "ஆனா அதைக் கேட்டதுலேருந்து எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. பேசின் உடைஞ்சாலும் உடையும், நான் வெச்ச தெர்மாகோல் மட்டும் உடையாது போல."

கூடம் சிரித்தது. மணிபாரதியும் சிரித்துவிட்டு, அப்படியானால் உங்களிடமிருந்தே தொடங்குவோம் என்றார்.

ஷஃபீனாவுக்கு முதலில் தோன்றிய யோசனை சுலபமானது. சுற்றிலும் நெல்வயல், வைக்கோலுக்கா பஞ்சம். வைக்கோலைப் புரிகளாக முறுக்கி வாஷ்பேசினைச் சுற்றி அடைத்தாள். ஆறு முறை கீழே போட்டாள், கீறல்கூட விழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு லாரி நிறையத் திருச்சிக்கு அனுப்பினோம். அவசரத்தில் மூடியில்லாத மரச்சட்டப் பெட்டிகள்தான் கிடைத்தன. டிரைவர் வழியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு வருவதற்குள் தெருவிலிருந்த மாடுகள் எல்லாம் லாரியைச் சுற்றிக்கொண்டன. அவர் எவ்வளவு விரட்டியும் ஒரு சிவப்புப் பசு மட்டும் அடுத்த ஊர்வரை பின்னாலேயே ஓடி வந்ததாம். திருச்சிக்குப் போனபோது பாதிப் பெட்டிகளில் வாஷ்பேசின் மொட்டையாக நின்றது. மீதியில் பூச்சி. கடைக்காரர் போன் பண்ணி, வாஷ்பேசின் கேட்டேன், மாட்டுத் தீவனம் எதற்கு அனுப்பினீர்கள் என்றார். ஷஃபீனா அதை எல்லோரிடமும் தானே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒரு வாரம் ஆலை முழுக்க அந்தப் பசுவைப் பற்றித்தான் பேச்சு.

ஆனால் வைக்கோலை அவள் விடவில்லை. பக்கத்திலிருக்கும் விழிதியூருக்குப் போனாள். அங்கே ஞானசௌந்தரி என்று ஒரு விவசாயி. சொந்த நிலமும், வைக்கோலை உருளை உருளையாகக் கட்டித்தரும் இயந்திரமும் வைத்திருப்பவர். பக்கத்து நிலத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழுவாக வைக்கோல் வியாபாரம் நடத்தினார். இந்த வயலிலிருந்து பேசினால் அடுத்த வயலுக்குக் கேட்கும் குரல். ஷஃபீனா விஷயத்தைச் சொன்னதும் அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"சம்பா வைக்கோல் மாட்டுக்கு, தங்கச்சி. அதுல யாருக்கும் பங்கு கிடையாது. உங்க பேசினுக்கு மெத்தை போடணும்னு எங்க மாட்டைப் பட்டினி போட முடியுமா?"

அது நியாயம் என்று ஷஃபீனாவுக்கும் பட்டது. கிளம்ப எழுந்தாள். வரப்போரமாகக் கறுத்துப்போய் ஒரு குவியல் கிடந்தது. அதென்ன என்று கேட்டாள். குறுவை வைக்கோல் என்றார் ஞானசௌந்தரி. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். நெல்லைக் காப்பாற்றவே பாடாய்ப் படுவோம், வைக்கோல் நனைந்து கறுத்துவிடும், மாடு மோந்துகூடப் பார்க்காது, கொளுத்தத்தான் வேண்டும் என்றார். கறுப்பாக இருந்தால் பரவாயில்லையா என்று அவரும், பூஞ்சை பிடித்தது நமக்கு ஆகுமா என்று ஷஃபீனாவும் கொஞ்சநேரம் அந்தக் குவியலையே சுற்றி வந்தார்கள். கடைசியில் ஷஃபீனா ஒரு சாக்கு நிறைய அள்ளி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தாள்.

டவுனுக்கு வெளியே காஜா நஜ்முதீன் என்பவர் முட்டை அட்டை செய்கிற சின்னத் தொழிற்கூடம் நடத்தினார். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, கூழாக்கி, அச்சில் ஒட்டவைத்து, காயவைத்தால் முட்டை அட்டை. ஷஃபீனாவின் வாப்பாவுக்குத் தெரிந்தவர். எதைச் சொன்னாலும் முதலில் முடியும் என்று சொல்லிவிட்டு, பிறகு எப்படி என்று யோசிப்பவர். கறுத்த வைக்கோலை வேகவைத்துக் கூழாக்கி, காகிதக் கூழோடு கலந்து வார்க்கலாம் என்றார். வாஷ்பேசின் முதுகுக்கு ஏற்ற அச்சு ஒன்றைச் செய்தார்கள். வேகவைத்ததில் பூஞ்சையும் பூச்சியும் போயின. முதல் தட்டு, அடுப்பில் மறந்துபோன அதிரசம் மாதிரி கறுப்பும் பழுப்புமாக வெளியே வந்தது. ஆஸியா பீவி அதைப் பார்த்துவிட்டு, இதையா பிரான்சுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆனால் கீழே விழும் சோதனையில் தெர்மாகோலைவிட நன்றாகவே தாங்கியது.

கடல் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஷஃபீனா ஒரு பெட்டியை ஷார்ஜாவுக்குப் போகிற சரக்கோடு கணவருக்கு அனுப்பிவைத்தாள். பெட்டி போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் தாரிக் கிடங்கிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். வீட்டில் ஷஃபீனா, மாமியார், மகள் மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தாரிக் பெட்டியைப் பிரித்து உள்ளே கையை விட்டார். முகம் மாறியது. தட்டை வெளியே எடுத்தபோது அது கையிலேயே தொங்கியது.

"ஷஃபீனா, இது சால்னாவுல ஊறுன பரோட்டா மாதிரி இருக்கு" என்றார். வாஷ்பேசின் இரண்டாகப் பிளந்திருந்தது.

கடல்காற்றின் ஈரத்தைத் தட்டு குடித்துவிட்டது. அன்றைக்கு மட்டும் ஷஃபீனா சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் காஜாவின் தொழிற்கூடத்துக்குப் போனாள். காஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முடியும் என்றார். எப்படி என்று கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று. காய்ந்த தட்டைச் சூடான இரண்டு இரும்பு அச்சுகளுக்கு நடுவே வைத்து மறுபடி அழுத்தினால் மேற்பரப்பு வழவழப்பாக இறுகி, ஈரத்தை அவ்வளவு சீக்கிரம் உள்ளே விடவில்லை. அதற்குள் அவள் வீட்டுக் குளியலறை, சமையலறை, மாடி எல்லா இடத்திலும் ஈரம் தாங்குமா என்று பார்க்க வைத்த தட்டுகள். இரண்டாவது பெட்டியும் ஷார்ஜா போனது. தாரிக் தட்டை எடுத்து மேஜைமேல் தட்டிக் காட்டினார். டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. ஆஸியா பீவி அல்ஹம்துலில்லாஹ் என்றார். அன்றிலிருந்து அவர் உறவுக்காரர்களிடம், மருமகள் வைக்கோலை வைத்து ஏதோ பெரிதாகச் செய்கிறாள் என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். தட்டு தயார், மார்செய்க்காரருக்கு மாதிரி பிடித்துவிட்டது, ஐந்தாண்டுத் திட்டத்தில் எழுதியும் ஆயிற்று. ஆனால் மாதங்கள் போயின, தெர்மாகோல் லாரிகள்தான் வந்துகொண்டிருந்தன. கொள்முதல் பிரிவிலிருந்து தட்டுக்கு ஆர்டர் போகவே இல்லை.

கொள்முதல் பிரிவின் தலைவர் வின்சான். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். வின்சான் பிரெஞ்சில் சரளமாகப் பேசுவார், மார்செய்க்காரரோடு பேச்செல்லாம் அவர்தான். சாப்பாட்டு நேரத்தில் யாருக்காவது காய் பிடிக்கவில்லையென்றால் தன் டப்பாவை நீட்டுகிற மனிதர். ஷஃபீனா அவரிடமே நேரே போய்க் கேட்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அந்தப் பேச்சை அவள் பிற்பாடு என்னிடம் அப்படியே சொன்னாள்.

"என்னைக் கெட்டவனா நினைக்காத ஷஃபீனா. வருஷக் கடைசியில என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், போன வருஷத்தைவிட எவ்வளவு மலிவா வாங்குனேன்னு. உன் தட்டு விலை கூட. அதை வாங்குனா நான் தோத்த ஆளு. உடையாம போயி சேந்தா பேரு உனக்கு. குப்பை குறைஞ்சா பேரு அந்த மேடத்துக்கு. நஷ்டம் மட்டும் என் பேருல நிக்கும்."

கோபப்படலாம் என்றுதான் உள்ளே போயிருந்தாள். ஆனால் அவர் சொன்னதில் தவறு எதையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நாமும் அதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது.

"சார், இதை அப்படியே மேடம் முன்னாடி சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"நான் சொன்னா வேலை செய்ய மனசில்லாதவன்னு நினைப்பாங்க."

"நான் சொன்னா உங்க மேல கோள் சொன்ன மாதிரி இருக்கும். நீங்க சொன்னாதான் அவங்களுக்குப் புரியும். நான் பக்கத்துலயே உக்காந்துருக்கேன்."

அடுத்த முறை மணிபாரதி வந்தபோது அதே சாப்பாட்டுக் கூடத்தில் வின்சான் எழுந்து நின்றார். சட்டைக் கை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். அறைக்குள் சொன்னதையே இங்கேயும் சொன்னார், பெயர் வாங்குவதைப் பற்றிய வரி உட்பட. மேலிடத்து ஆள் முன்னால் இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. பிறகு ஷஃபீனா ஒன்றைச் சேர்த்தாள். தெர்மாகோல் மலிவு என்பது வாங்கும்போதுதான். அது ஆலைக்கு வரும் லாரியில் பாதிக்குமேல் காற்று. வைக்கோல் தட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று அடுக்க முடியாது. அந்த லாரி வாடகை போக்குவரத்துப் பிரிவின் கணக்கில் போகிறது. திரும்பி வரும் உடைசல் விற்பனைப் பிரிவின் கணக்கில் போகிறது. எல்லாவற்றையும் ஒருவரும் ஒரே இடத்தில் கூட்டிப் பார்ப்பதில்லை.

மணிபாரதி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் கேள்வியை வின்சான் சார்கிட்ட கேக்குறதே நாங்கதான்" என்றார். "திட்டத்துல ஒண்ணை எழுதிட்டு, வருஷக் கடைசியில வேற ஒண்ணைக் கேட்டுக்கிட்டு இருந்துருக்கோம். அதை மாத்துறது என் பொறுப்பு. கொஞ்சம் அவகாசம் குடுங்க."

சென்னையில் அவர் யாரிடம் என்ன பேசினார், எத்தனை பேரோடு வாதாடினார் என்பது எங்களுக்குத் தெரியாது. பொங்கல் முடிந்து வந்தபோது ஏற்பாடு மாறியிருந்தது. கொள்முதல், பேக்கிங், போக்குவரத்து, பொருளை வடிவமைக்கும் பிரிவு, நான்குக்கும் சேர்த்து ஒரே இலக்கு. வாங்கிய விலை, லாரியில் பிடிக்கும் இடம், உடைசல், கடைசியில் குப்பையாகும் அளவு எல்லாம் சேர்ந்ததுதான் இனி ஒரு பெட்டியின் செலவு. நான்கு பிரிவுத் தலைவர்களின் சம்பள உயர்வும் அந்த ஒரே கணக்கில்தான். இதைத் தயாரித்துத் தரும் வேலை எங்கள் கணக்குப் பிரிவுக்கு வந்தது. முதல் மாதம் நாங்கள் புலம்பினோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஷஃபீனாவிடம் வின்சான் கூப்பிடாமலே வர ஆரம்பித்தார். தட்டை இன்னும் மெலிதாக்க முடியாதா, கட்டுக்கு எத்தனை அடுக்கலாம் என்று அவருக்குத் தினமும் ஒரு கேள்வி. வடிவமைப்புப் பிரிவுக்காரர்கள் அதுவரை பேக்கிங் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் இல்லை. அவர்களும் வந்து நின்று வாஷ்பேசின் கீழே விழுவதைப் பார்த்தார்கள். முதுகில் இருக்கும் கனமான மேட்டைக் கொஞ்சம் தட்டையாக்கினால் ஒரு பெட்டிக்குள் இரண்டு வைக்கலாமே என்று அவர்களே சொன்னார்கள். மண் குறைந்தது, சூளையில் அதிகம் அடுக்க முடிந்தது, எரிவாயுவும் மிச்சமானது. வைக்கோல் தட்டில் ஆரம்பித்த விஷயம் சூளைவரை போய்விட்டது.

மிச்சமிருந்தவர் ஞானசௌந்தரிதான். ஆலைக்கு இப்போது நிறைய வைக்கோல் வேண்டும். அவர் பேரம் விலையில் இல்லை.

"இந்த வருஷம் வாங்கிட்டு அடுத்த வருஷம் வேண்டாம்னுட்டா? நாங்க கொட்டகை போட்டு, மெஷின் வாங்கிட்டு வாயைப் பாத்துக்கிட்டு நிக்கவா? பத்து வருஷத்துக்கு எழுதிக் குடுங்க. குறுவைதான், சம்பா கிடையாது. அதையும் எழுதுங்க."

பத்து வருஷம் என்றால் தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ளுமா என்று ஷஃபீனா பயந்துகொண்டே போன் பண்ணினாள். மணிபாரதி உடனே சரி என்றார். திட்டத்தில் எழுதியது நிஜம் என்றால் வைக்கோல் தருபவர்கள் அதை நம்பிக் கொட்டகை போட முடிய வேண்டும், நாம் ஐந்து வருஷத்துக்கு யோசிக்கிறோம், அவர்கள் பத்து வருஷத்துக்கு யோசிக்கிறார்கள், அவர்கள் சொல்வதே சரி என்றார். காஜா நஜ்முதீனும் அந்த ஒப்பந்தத்தை வைத்து இன்னொரு இயந்திரம் போட்டார்.

தெர்மாகோல் ஒரு துண்டுகூட இல்லாத முதல் கன்டெய்னர் சென்னைத் துறைமுகம் வழியாக மார்செய்க்குப் போனது. அது போய்ச் சேரும்வரை ஷஃபீனா சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆஸியா பீவி சொன்னார். ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் வின்சானின் போன் அடித்தது. மார்செய்க்காரர். வின்சான் போனை மேஜைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டிவைத்தார். பிரெஞ்சில் மடமடவென்று பேச்சு. எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வின்சான் நடுநடுவே "உய், உய்" என்று ஆமாம் போட்டார். பிறகு திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். ஷஃபீனா கையில் சோற்றோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

"ஒண்ணுகூட உடையலையாம்" என்றார். "தட்டையெல்லாம் பழைய அட்டையோட சேத்துப் போட்டுட்டாங்களாம், தனியா ஒரு வேலையும் இல்லையாம். ஒரே ஒரு சந்தேகம். பெட்டியைத் திறந்தா என்னமோ வாசனை வருது, என்னதுன்னு கேக்குறார். அந்தக் கிடங்குல ஒருத்தருக்கு அது அவங்க அப்பா வளத்த குதிரை லாயத்து வாசனையாம். ஒரு தட்டை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாராம்."

ஷஃபீனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமையற்கட்டிலிருந்தவர்கள் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு வின்சான் தன் கையால் எல்லோருக்கும் மோர் ஊற்றினார்.

ஆலைக்குள் அவளுடைய மேஜையை வடிவமைப்புப் பிரிவுக்கே மாற்றிவிட்டார்கள். புதிதாக ஒரு பொருள் வரையும்போதே, இது எப்படிப் போகும், எதில் போகும், போன இடத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்பதுதான் இப்போது அவள் வேலை. சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார்கள். மாதம் இரண்டு நாள் வருகிறேன், மற்றபடி பொருள் எங்கே ஆகிறதோ அங்கேதான் இருப்பேன் என்றாள். அந்த இரண்டு நாளும் மற்ற ஆலைக்காரர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம். ராஜஸ்தானில் இருக்கும் எங்கள் இன்னொரு ஆலை கடுகுச் செடியின் காய்ந்த தண்டில் முயற்சி செய்து பார்க்கிறது என்று கேள்வி. நெல் இல்லாத ஊருக்கு நெல் வைக்கோல் எதற்கு என்று அவள்தான் சொன்னாளாம்.

போன ஐப்பசியில் விழிதியூரில் வைக்கோல் கொட்டகைத் திறப்பு. தாரிக் விடுமுறையில் வந்திருந்தார். ஆலையிலிருந்து நாங்கள் ஒரு வேனில் போனோம். மணிபாரதி சென்னையிலிருந்து காரில் வந்தார். ரிப்பன் வெட்டி முடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. ஐப்பசி மழை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. வயலும் பாதையும் ஒன்றாகிவிட்டன. கார் சேற்றில் இறங்கிவிட்டது. யாரும் எங்கும் போக முடியாது. உள்ளே புது வைக்கோல் உருளைகள் கூரைவரை அடுக்கியிருந்தன, அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்தோம்.

ஞானசௌந்தரியின் குழுப் பெண்கள் சமைத்த சாம்பாரும் கத்தரிக்காய்க் கூட்டும் இருந்தன. ஆஸியா பீவி தன் பங்குக்கு ஒரு தேக்சா நிறைய நெய்ச்சோறு கொண்டுவந்திருந்தார். இலை போதவில்லை. இரண்டு பேருக்கு ஓர் இலை என்று சாப்பிட்டோம். காஜா நஜ்முதீன் அடுத்து வாழைநாரில் ஒன்று செய்யப்போவதாக வின்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வின்சான் விலை என்ன என்று கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று திருத்திக் கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் விடவில்லை, அவரைக் கிண்டல் செய்தே தீர்த்தார்கள்.

தஹ்ஸீன் உருளைகளின் உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தாள். அவளை இறங்கச் சொல்ல எழுந்த ஷஃபீனாவும் ஒருமுறை வழுக்கிப் பார்த்தாள். பிறகு மணிபாரதியையும் இழுத்தாள். அந்த அம்மா முதலில் செருப்பைக் கழற்றினார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் தாரிக்கிடம் கொடுத்தார், பிறகு யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் மேலே ஏறினார்.

மழை சாயங்காலம்வரை விடவில்லை. விட்டபோதும் கொஞ்சநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.